திரும்பி வராத மாங்கனி நாள்

காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடியில், எப்போதும் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் பூட்டிய அறை ஒன்று இருந்தது. அதன் சாவி ஒருத்தியிடம்தான் இருக்கும். பெயர் தாமரைச்செல்வி. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் அவள் காய்ச்சல் என்று படுத்தால் ஆஸ்பத்திரியும் கூடவே படுத்துக்கொள்ளும். யார் எந்தக் கட்டிலில், யாருக்கு என்ன மருந்து, யார் ரத்தத்தில் என்ன கோளாறு என்பதெல்லாம் அந்த அறையில் இருந்த சர்வர் பெட்டிக்குள்தான். வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை 'கம்ப்யூட்டரம்மா' என்பார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அது வேறு எரிச்சல்.

கஜா புயல் அடித்த வருஷம் அந்தப் பெட்டி நாள்கணக்கில் செத்துக் கிடந்தது. சூடுபட்ட நிர்வாகம் அதன்பிறகு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியிடம் இடம் பிடித்தது. பெட்டி ஒன்றுதான் என்றாலும் அதற்குள் பல கணினிகள் குடியிருந்தன. வி.எம். என்பார்கள். அத்தனைக்கும் கோயம்புத்தூரில் நகல் உண்டு. இங்கே ஓர் எழுத்து மாறினால் கொஞ்ச நேரத்தில் அங்கேயும் மாறும். இங்கே பெட்டி முழுகினால் அங்கே இருக்கிற நகல் எழுந்து வேலையைப் பார்க்கும். நிஜமாகவே எழுமா என்று வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், சோதித்துப் பார்க்க வேண்டும்.

போவதில் கஷ்டமே இல்லை. ஊரில் வெள்ளம் வந்தால் நாலு துணியை அள்ளிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம். தண்ணீர் வடிந்தபிறகு தட்டுமுட்டுச் சாமான்களோடு திரும்பி வருவதுதான் பெரும்பாடு. கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். அந்தத் திரும்பி வருதலுக்கு ஃபெயில்பேக் என்று பெயர். அது ஒவ்வொரு வருஷமும் தாமரைச்செல்வியின் உயிரை எடுத்தது.

முந்தைய வருஷம் மறுநாள் மத்தியானம் வரை இழுத்துவிட்டது. டயாலிசிஸ் பிரிவில் காலை முறைக்கு வந்தவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து கிடந்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த மஹ்பூபா பிடிவாதக்காரி. திரையைப் பார்க்காமல் யாரையும் மெஷினில் போடமாட்டாள். காரணம் இருந்தது. காமாலைக் கிருமி உள்ளவர்களின் பெயருக்குப் பக்கத்தில் திரையில் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். அவர்களுக்கு மூலையில் தனி மெஷின். பொட்டு இல்லாதவர்களுக்குத்தான் மற்ற மெஷின்கள். அவள் செய்தது சரிதான். ஆனால் அன்றைக்குக் காத்துக் கிடந்தவர்களில் ஒருத்தி பங்கஜவல்லி, தாமரைச்செல்வியின் அம்மா.

நெடுங்காட்டில் நாலு மா நிலத்தில் நாற்று நட்டுக் கதிர் அறுத்த உடம்பு அது. சர்க்கரை வந்து சிறுநீரகத்தைத் தின்றபிறகு பாதியாகிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். கல்யாணம் கூடிவராத மகளும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். அன்று நுரையீரலில் நீர் கோத்து, அம்மா மூச்சுக்குத் திணறியதை மகள் மாடிப்படியில் நின்று பார்த்தாள். மேலே ஃபெயில்பேக் ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி ஒரு தடவை இப்படி நடக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அவளுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. தன் சிறுநீரகத்தில் ஒன்றை அம்மாவுக்குக் கொடுக்கப் போகிறாள். ரத்தம் பொருந்தியது, அனுமதி கிடைத்தது. புதுச்சேரியில் ஐப்பசியில் ஆபரேஷன் என்று தேதியும் சொல்லிவிட்டார்கள். அதுவரை அம்மாவை ஒரு முறைகூடத் தவறவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கவலை, அவ்வளவுதான் அவள் வாழ்க்கை.

வருஷம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டதில் வழி பிடிபட்டது. இதுவரை அந்தக் கம்பெனிக்காரர்கள், திரும்பி வரும்போது காரைக்கால் பெட்டியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மொத்தத்தையும் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடப்பாவிகளா, இங்கே இருப்பதை ஏன் அழிக்க வேண்டும்? அதை அப்படியே தூங்கவைத்துவிட்டு, அங்கே இருந்த நேரத்தில் மாறியதை மட்டும் கொண்டுவந்து சேர்த்தால் போதாதா? சண்டை போட்டுச் சம்மதிக்கவைத்தாள். மாறுவதையும் குறைக்க, சோதனை அன்றைக்கு வருகிற நோயாளிகளின் விவரத்தைப் பேப்பரில் எழுதிவைத்துப் பிறகு ஏற்றட்டும் என்று எல்லாப் பிரிவுக்கும் சொன்னாள். ஒத்திகை பார்த்தபோது, நாள் முழுக்கப் பிடித்த வேலை ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடிந்தது.

எந்த நாளில் வைப்பது என்பதில் யோசனையே வேண்டியிருக்கவில்லை. மாங்கனித் திருவிழா. ஆனி மாதத்தில் அந்த ஒரு நாள் காரைக்காலில் யாரும் நோயாளியாக இருக்கச் சம்மதிப்பதில்லை. சாமி வரும் தெருவில் மாடியிலிருந்து எறிகிற மாம்பழத்தைப் பிடிக்க ஊரே திரண்டு நிற்கும். ஓ.பி. காற்றாடும். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் அன்றைக்குத்தான் தேங்கிக் கிடக்கிற வேலையை எல்லாம் உட்கார்ந்து முடிப்பார்கள். மருந்தகத்தில் அலமாரி துடைப்பார்கள், பழைய கோப்புகளை அடுக்குவார்கள். கம்ப்யூட்டரம்மாவும் அதே காரணத்துக்காகத்தான் அந்த நாளை எடுத்துக்கொண்டாள்.

காலையில் எல்லாம் கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நகல் எழுந்து நன்றாக ஓடியது. மத்தியானம் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தாள். சப்பரம் போகிற தெருவில் மேலே தொங்கும் ஒயரை எல்லாம் கம்பால் தூக்கிப் பிடிப்பார்கள், தூக்க முடியாததை வெட்டிவிட்டுப் பிறகு ஒட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற இன்டர்நெட் கேபிளை அன்று வெட்டிவிட்டார்கள். ஒட்ட வேண்டியவன் மாம்பழம் பிடிக்கப் போய்விட்டான். மிச்சமிருந்தது அவசரத்துக்கு வைத்த ஒல்லியான இன்னொரு லைன். அதில் எல்லாம் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும் என்று திரை காட்டியது.

மறுநாள் காலையில் அம்மாவின் முறை இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மாறியதைக் கொண்டுவருவானேன்? அங்கே நடந்தது வெறும் சோதனை. உண்மையான விவரமெல்லாம் பேப்பரில் இருக்கிறது. கோயம்புத்தூரின் இன்றைய நாளை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, காலையில் தூங்கவைத்த பெட்டியை எழுப்பினால் முடிந்தது. ஆனாலும் பொறுப்பில்லாதவள் இல்லை அவள். வார்டுக்குப் போன் செய்து கம்ப்யூட்டரில் ஏதாவது ஏற்றினீர்களா என்று கேட்டாள், இல்லை என்றார்கள். மருந்தகத்தில் இல்லை, பில் கவுன்டரில் இல்லை, மஹ்பூபாவும் இல்லை என்றாள். கடைசியாக லேபுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

லேப் பூட்டித்தான் இருக்கும், அப்படியானால் அங்கே யாரும் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி உயிர்பெற்றுவிட்டது. பேப்பரில் எழுதியதைச் சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் பங்கஜவல்லி நேரம் தவறாமல் மெஷினில் படுத்தாள். அப்பாடா என்றிருந்தது மகளுக்கு.

அடுத்த வாரக் கூட்டத்தில் நிர்வாகி அவளுக்குச் சால்வை போர்த்தினார். இவ்வளவு சீக்கிரம் வேறெங்கும் நடந்ததில்லை என்றார். டயாலிசிஸ் அறையின் குளிருக்கு அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் பங்கஜவல்லி படுப்பாள். கேட்டவர்களிடம் கேட்காதவர்களிடம் எல்லாம் மகள் வாங்கியது என்பாள். அவளுக்கு முந்தைய விடியற்கால முறைக்காரர் சார்ல், பிரெஞ்சுப் பென்ஷன்காரர். மெஷினிலிருந்து எழுந்து போகும்போது, "மதாம், கட்டிலைச் சூடு பண்ணி வச்சிருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போவார். பங்கஜவல்லியும் ஏதாவது திருப்பிக் கொடுப்பாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் காமாலைக் கிருமிப் பரிசோதனை. புரட்டாசியில் முடிவு வந்தபோது சார்லுக்கு இருந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருகிற செம்பியனுக்கு இருந்தது. பங்கஜவல்லிக்கும் இருந்தது. மூவரும் ஒரே மெஷின்காரர்கள்.

புதுச்சேரி டாக்டர் கையை விரித்தார். கிருமியோடு மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது, முதலில் மாத்திரை, கிருமி போனபிறகு மறுபடி பார்ப்போம் என்றார். வருகிற வைகாசிக்கு மேல் ஆகலாம். அம்மாவின் இதயம் ஏற்கெனவே வீங்கியிருந்ததால் அவ்வளவு காலம் தாங்குமா என்று மகள் கேட்டாள். அவர் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் விசாரணைக் கூட்டம் போட்டார்கள். லேப்காரர் காஜா நஜ்முதீனை நிற்கவைத்துக் கேட்டார்கள். திருமலைராயன்பட்டினத்து மனிதர், தலை நரைத்த வயசு, ஒரு சொல் அதிகம் பேசாதவர். சார்லுக்கு ஆனி மாதப் பரிசோதனையிலேயே கிருமி தெரிந்துவிட்டது, அதை நான் அப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், பொட்டு விழுவதைக் கண்ணால் பார்த்தேன் என்றார் அவர். கம்ப்யூட்டரில் அப்படி எதுவுமே இல்லையே என்றார் நிர்வாகி. பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறீர்களா என்ற தொனி அதில் இருந்தது. எப்போது ஏற்றினீர்கள் என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"மாங்கனி அன்னைக்குங்க," என்றார் காஜா. "அன்னைக்கு வந்த கேஸ் ரெண்டையும் பேப்பர்லதான் எழுதினேன். கூட்டம் இல்லாததால, வெளியூர் லேப்லேருந்து வந்து கெடந்த பழைய ரிசல்ட்டை எல்லாம் உக்காந்து ஏத்தி முடிச்சேன். ஏத்திட்டுத்தான் தொழுகைக்குப் போனேன்."

அந்த அறையில் இருந்தவர்களில் தாமரைச்செல்விக்கு மட்டும்தான் புரிந்தது. கோயம்புத்தூரில் அந்த நாளின் சுவடு எப்போதோ போய்விட்டது. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வேலை போனால் ஊழியர் குடும்பத்துக்கென்று கிடைக்கிற டயாலிசிஸ் சலுகையும் போகும், அம்மாவை எங்கே கொண்டுபோவது? எல்லாக் கணக்கும் மனசுக்குள் ஓடியது. நிர்வாகி அதற்குள் காஜாவிடம் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். காஜா பேனா தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"பாய் ஏத்தினது நெசம் சார்," என்றாள் அவள். "நான்தான் அழிச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள் அறுந்தது, அன்றைய நாளைத் தூக்கிப்போட்டது, எடுக்காத போன், எல்லாம். பிறகு நிர்வாகி நடந்து போய்க் கதவைச் சாத்தினார். இந்தப் பேச்சு இந்த அறையோடு போகட்டும், மாத்திரைச் செலவை ஆஸ்பத்திரி ஏற்கும், நோயாளிகளிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். யாருக்கும் வேலை போகவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

வெளியே வந்ததும் காஜா நின்றார். "இன்னொரு தடவை அடிச்சிருக்கலாமேம்மா," என்றார். அப்புறம் அவரே தலையைக் குனிந்துகொண்டு, "திரும்பி வந்து பாத்தேன், ஒன் நம்பர் கெடந்துச்சு. நானும் கூப்பிடாம விட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி அழுதாள். நீ காத்துக் கிடக்கக் கூடாதென்றுதான் செய்தேன் என்றாள். பங்கஜவல்லி கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. மடியில் கிடந்த சால்வையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"எங்கிட்ட சொல்றது என்னாடி பெரிய காரியம்? நான் பெத்தவ," என்றாள் அம்மா. "அந்தக் கிளிஞ்சல்மேட்டுப் புள்ளைக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அங்க போயி சொல்லு."

மறுநாளே போனாள். செம்பியன் படகுக்குப் போவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டின் வாசலில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது முழுவதையும் கேட்டான். கம்ப்யூட்டர் சங்கதி அவனுக்கு எட்டவில்லை, ஆனால் தவறு இவளுடையது என்பது எட்டியது. அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து, உங்க அம்மாவுக்கும் இதே மெஷினா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் இவள். "அப்படின்னா ஒங்கள என்னான்னு வையிறது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செம்பியன் மறுபடி ஈயத்தை எடுத்தான்.

பெரிய டாக்டர் ஒரு காரியம் செய்தார். சிவப்புப் பொட்டுக்காரர்களின் பெயர்களை எழுதி டயாலிசிஸ் அறைச் சுவரிலும் ஒட்டச் சொன்னார். சார்லை அவர் மகன் ரொமேன் வந்து பாரீசுக்கு அழைத்துப் போனான். போகிற அன்றைக்கு அவர் பங்கஜவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. மூலையிலிருந்த தனி மெஷினுக்குச் செம்பியனும் பங்கஜவல்லியும் மிச்சம்.

கார்த்திகையில் புயல் வந்தது. இந்தமுறை சோதனை இல்லை, நிஜம். முதல் நாளே தாமரைச்செல்வி எல்லாவற்றையும் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டாள். எத்தனை நாளாகுமோ தெரியாததால் வழக்கம்போலக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றச் சொன்னாள். மழையில் சாலை முழுகி, முறை தவறி, மூன்றாம் நாள்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடிந்தது. அதே நேரத்தில் செம்பியனை டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் மூச்சு இரைத்தது. பொட்டுக்காரர்களுக்கு மெஷின் ஒன்றுதான். வரிசைப்படி முதலில் பங்கஜவல்லிதான்.

மஹ்பூபா கட்டிலருகே வந்தபோது பங்கஜவல்லி அவள் கையைத் தள்ளினாள்.

"அவன மொதல்ல போடும்மா."

மகள் கெஞ்சினாள். அம்மாவிடம் அது செல்லாது. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செம்பியனின் நிலைமையும் மோசம்தான் என்று அவனையே போடச் சொன்னார். அவனுக்கு முடிந்து மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தபோது வராந்தாக் கட்டிலில் பங்கஜவல்லியின் இதயம் நின்றது. மகளின் கை அவள் தலைக்கடியில் இருந்தது.

பால் தெளித்த மறுநாள் தாமரைச்செல்வி வேலைக்கு வந்தாள். ஃபெயில்பேக் பாக்கியிருந்தது, அவளைத் தவிர யாருக்கும் அதைச் செய்யத் தெரியாது. புயலில் அறுந்த கேபிள் இன்னும் ஒட்டியாகவில்லை, அதே ஒல்லியான லைன்தான். நிர்வாகி வந்து துக்கம் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, மாங்கனி அன்றைக்குச் செய்ததுபோலச் சட்டென்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாமே, புயலில் யார் என்ன பெரிதாக ஏற்றியிருக்கப் போகிறார்கள் என்றார்.

"வேணாம் சார். எல்லாம் வரட்டும்."

ஒவ்வொரு பிரிவுக்கும் போன் செய்து, கோயம்புத்தூரில் ஏற்றுவதை நிறுத்தச் சொன்னாள். லேபில் மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். காஜா எடுத்து, நிறுத்திவிட்டேன் என்று சொன்னபிறகுதான் ஆரம்பித்தாள். நாள் முழுக்க, மறுநாளும், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கீழே பில் கவுன்டரில் ஜனம் சத்தம் போட்டது, டயாலிசிஸில் மஹ்பூபா சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து ஆளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரை முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

வந்து முடிந்ததும், சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வழக்கம். அவள் அம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். பெயர், ஊர், சிவப்புப் பொட்டு. கடைசி வரியில் மஹ்பூபா ஏற்றியிருந்தது: இறந்தார், நேரம், காரணம். நிர்வாகி சொன்னபடி தூக்கிப்போட்டிருந்தால் அந்த வரி இருந்திருக்காது. அந்தப் பெட்டிக்குள் பங்கஜவல்லி அடுத்த முறைக்காகக் காத்துக்கொண்டே இருந்திருப்பாள்.

வரியை ஒருமுறை வாசித்தாள். பிழையில்லாமல் வந்திருந்தது. போனை எடுத்து மஹ்பூபாவிடம், "வந்துருச்சு, இனி ஸ்கிரீனப் பாத்தே அடுத்தவங்கள போடுங்க," என்றாள்.